உறவுமுறை என்ற கட்டம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் பெண்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். கடிதம் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கு வந்திருப்பதைப் பார்த்ததுமே இது வீட்டில் பேச முடியாத விஷயம் என்று உனக்குப் புரிந்திருக்கும். உன் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். நான் வேறு என்ன செய்வது?

பெயிண்ட் கிடங்கு எரிந்து ஐந்து வாரமாகிறது. அங்கே வேலை பார்த்த நம் சுருட்டையின் உடலை இன்னும் எங்களிடம் கொடுக்கவில்லை. ஒன்பது பேரை அவரவர் வீட்டார் வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இரண்டு. அன்று உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று கம்பெனிக்கே தெரியவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லும் நிலையும் இல்லை. அவன் தங்கியிருந்த மாடி அறையும் சேர்ந்து எரிந்து போனதில், ஒப்பிட்டுப் பார்க்க அவன் முடி சிக்கிய ஒரு சீப்புகூட மிஞ்சவில்லை.

போனில் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. முதல் வாரமே மரபணுச் சோதனைக்காக எங்கள் இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். படிவத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம். அத்தான் அப்பா என்று எழுதினார், நான் அம்மா என்று எழுதினேன். இருபத்துநாலு வருஷமாகப் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் எழுதிப் பழகிய கைதானே.

பரிசோதனைக்கூடத்து அம்மாள் நல்லவள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள். "நீங்க ரெண்டு பேரும் பெத்தவங்க இல்லன்னு வருதும்மா. ஆறாம் நம்பர் போட்ட உடம்புக்கு உங்க பக்கத்துல ஏதோ சொந்தம் இருக்கற மாதிரி தெரியுது. ஆனா அத வெச்சு உடம்பைக் கொடுக்க முடியாது" என்றாள். மெஷினில் ஏதோ கோளாறு இருக்கும், மறுபடி எடுங்கள் என்று சண்டை போட்டேன். எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கையை நீட்டினேன். இத்தனை வருஷம் சோறு போட்டு, காய்ச்சலில் கண்விழித்து வளர்த்தது ஒரு சொட்டாவது ரத்தத்தில் ஏறியிருக்காதா என்று ஒரு பைத்தியக்கார ஆசை. இரண்டாம் முறையும் அதேதான் வந்தது.

அத்தான் அன்றிலிருந்து பம்ப் ரிப்பேருக்கு வந்த மோட்டாரைக் கழற்றுகிறார், பூட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார்.

நீ என் வீட்டில் ஆறு மாதம் ஒளிந்திருந்ததை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. குழந்தையில்லாத எனக்கு நீ கொடுத்ததைத் தானம் என்றோ கடன் என்றோ நினைத்ததுமில்லை. என் பிள்ளை என்றே நினைத்தேன். உன்மேல் பொறாமை மட்டும் உண்டு. "நல்லவேளை சித்தி ஜாடை எனக்கு, உன் மூக்கு வந்திருந்தா எவ கட்டிக்குவா" என்று சுருட்டை சிரிப்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். பிறகு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

இந்த மாதக் கடைசிக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் இரண்டு உடலையும் நகராட்சி இடத்தில் நம்பர் போட்டுப் புதைத்துவிடுவார்களாம். உன்னை இங்கே வரச் சொல்லவில்லை. உன் ஊர் ஆஸ்பத்திரியில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி, முத்திரை வைத்து அனுப்பினால் போதும் என்று அந்த அம்மாள் சொன்னாள். உன் பெயரைக் கேட்டாள். நான் சொல்லவில்லை. முடிவுக் கடிதம் உன் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும் என்றும் சொன்னாள். வேறு விலாசத்துக்கு அனுப்புவார்களா என்று கெஞ்சிப் பார்த்தேன். முடியாதாம்.

உன் வீட்டுக்காரர் அன்று போனில் எனக்கு எவ்வளவு ஆறுதல் சொன்னார். உன் அழுகையைக் கேட்டு, "சித்தின்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார். அந்த மனிதருக்கு இது தெரிந்தால் உன் வாழ்க்கை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் கேட்கிறேன். இது பெரிய சுயநலம். ஆனாலும் கேட்கிறேன்.

புதிய படிவம் இத்துடன் இருக்கிறது. அவன் பெயர், வயது, உயரம், இடது முழங்காலில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை நான் எழுதினால் செல்லாதாம். நீ எழுது.

எழுத முடியாவிட்டால் அப்படியே கிழித்துப் போடு. ஏன் என்று கேட்க மாட்டேன். நீயும் உன் பெண்களும் நன்றாக இருங்கள். ஆறாம் நம்பர் எந்த இடத்தில் இருந்தாலும் போய் உட்கார்ந்துகொள்ள எனக்குக் கால் இருக்கிறது.

உன் அக்கா