சிவக்காத கண்

அக்கா,

நேற்று ஜனக்புரியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். எல்லார் கையிலும் ஃபோன்தான். மேடை ஓரத்தில் ஒரு பெண் மட்டும் கழுத்தில் கனமான கேமராவை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் விரலை அழுத்தும்போதெல்லாம் உள்ளே கண்ணாடி எழும்பி விழும் அந்தச் சத்தம், 'சடக்' என்று, பந்தி வரைக்கும் கேட்டது. பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எத்தனை வருடமாயிற்று அதைக் கேட்டு! வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கே அனுப்புவது என்று தெரியாவிட்டால் என்ன, எழுதுகிறேன்.

மயூர் விஹார் குடியிருப்பில் நீங்கள் மூன்றாம் மாடி, நாங்கள் இரண்டாம் மாடி. உங்களுக்கு லோதி ரோட்டில் மத்திய சர்க்கார் உத்தியோகம், எனக்கு வங்கியில் கவுண்டர் வேலை. உங்கள் பொள்ளாச்சித் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன், என் தென்காசித் தமிழைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். இரண்டையும் கேட்டு வளர்ந்த என் மகள் கோமு இந்தியில் பதில் சொல்லுவாள்.

டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமரா என்பதை எங்கள் கட்டடத்தில் யாரும் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக இருக்கும் ஐம்பது வயதுப் பெண்மணி ஒரு நாள் அதை வாங்கிக்கொண்டு வந்தால் பேசாமல் இருப்பார்களா? "ரோல்ல இன்னும் எத்தனை பாக்கி?" என்று கீழ் வீட்டு மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். "ரோலே இல்லீங்க, வேணுங்கறமட்டும் எடுக்கலாம்" என்று நீங்களும் சலிக்காமல் சொன்னீர்கள். கேமராவுடன் வந்த தடிப்புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தீர்கள். மே மாதப் புழுதிக்காற்றுக்குப் பயந்து, தலையணை உறைக்குள் இரண்டு கையையும் விட்டு லென்ஸ் மாற்றினீர்கள். அப்படியும் ஒரு துகள் உள்ளே போய், எடுத்த வானத்திலெல்லாம் ஒரே இடத்தில் கரும்புள்ளி விழுந்தது. "டெல்லித் தூசி எம்மூக்குக்கு அப்புறம் கேமராவுக்கும் வந்துருச்சு அம்மிணி" என்று அழமாட்டாத குறையாகச் சொன்னீர்கள். அதே கேமரா வைத்திருக்கும் ஊர் பேர் தெரியாத ஆட்களோடு இன்டர்நெட்டில் அதைப் பற்றி ஒரு வாரம் பேசினீர்கள்.

எடுத்த படங்களை உங்கள் கம்ப்யூட்டரில் எனக்குக் காட்டுவீர்கள். நான் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்குக்கா" என்பேன். "நல்லாருக்குன்னு சொல்லாத. என்ன தெரியுதுன்னு சொல்லு" என்பீர்கள். எனக்குப் படத்தில் என் பிள்ளைதான் தெரிவாள். உங்கள் படங்களில் பாதி அவள்தான்.

ஒரு ஜனவரி சாயங்காலம். மின்சாரம் போயிருந்தது. கோமுவுக்கு அப்போது இரண்டரை வயது. ஒற்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தாள். நீங்கள் ஃப்ளாஷ் போட்டு நாலைந்து படம் எடுத்தீர்கள். இரண்டு நாள் கழித்து என்னை மேலே கூப்பிட்டு, திரையில் அவள் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினீர்கள். வலது கண்ணின் பாப்பா, ஃப்ளாஷில் எல்லாருக்கும் வருவதுபோல, சிவப்பாக இருந்தது. இடது கண்ணில் சிவப்பு இல்லை. பால் சொட்டு விழுந்ததுபோல் ஒரு வெள்ளை.

"கேமராவுல ஏதோ கோளாறுக்கா" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பாக்கோணும்" என்றீர்கள்.

அடுத்த இரண்டு வாரம் நீங்கள் செய்ததையெல்லாம் பிறகுதான் நான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். கேமராவைப் பழுதுபார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தீர்கள். லென்ஸை மாற்றிப் பார்த்தீர்கள். எங்கள் பிளாக்கில் இருந்த பிள்ளைகளையெல்லாம் சாக்லேட் கொடுத்து வரவழைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டாக்கி, ஒவ்வொருவரையும் ஃப்ளாஷில் எடுத்தீர்கள். எல்லாருக்கும் இரண்டு கண்ணும் சிவந்தன. கோமுவுக்கு மட்டும் மூன்று வெவ்வேறு நாளிலும் இடது கண் வெள்ளையாகவே வந்தது. அந்த மூன்று படத்தையும் பிரிண்ட் போட்டு ஒரு உறையில் வைத்து என் வீட்டுக்கு வந்தீர்கள். இவர் இன்னும் ஆபீசிலிருந்து வந்திருக்கவில்லை.

"கேமரா நல்லாத்தான் இருக்குது அம்மிணி. பிள்ளைய ஒருக்கா கண் டாக்டர்கிட்டக் காட்டீரலாம்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ.

"எட்டு மாசமா என் பிள்ளைய வளைச்சு வளைச்சுப் படம் எடுக்கிய. இப்ப அவ கண்ணுல கோளாறுன்னு சொல்லுதிய. உங்க கேமராக் கண்ணுதான் அவ மேல பட்டிருக்கு. பிள்ளை பெத்திருந்தா இப்படி வந்து நிப்பியளா?"

சொன்ன வார்த்தையை நான் மாற்றி எழுதவில்லை அக்கா. இவ்வளவும் சொன்னேன்.

நீங்கள் உறையை டீப்பாய் மேல் வைத்தீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவுக்கு வெளியே போய் நின்றுதான் பேசினீர்கள். "என்னை என்ன வேணா சொல்லிக்க. புதன்கெழம காலைல ஆறு மணிக்குக் கீழ ஆட்டோவோட நிப்பேன். பிள்ளையத் தூக்கிட்டு வந்துரு."

அன்று சாயங்காலம் கோமுவோடு விளையாடுவதுபோல அவள் இடது கண்ணைக் கையால் பொத்தினேன். அவள் பாட்டுக்கு பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தாள். வலது கண்ணைப் பொத்தினேன். வீலென்று கத்தி என் கையைத் தட்டிவிட்டாள். சிறிது நேரம் விட்டு மறுபடி செய்தேன். அதே கத்தல். மூன்றாவது தடவை என் விரலைக் கடித்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, இவர் வரும்வரை விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். இவர் வந்ததும், "அதெல்லாம் ஃப்ளாஷ் விளையாட்டு" என்றார். அவரையும் பொத்திப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை.

புதன்கிழமை பனிமூட்டத்தில் நீங்கள் ஆட்டோவோடு நின்றீர்கள். மங்கி குல்லாவும் சால்வையும், தோளில் கேமராப் பையும். நானும் இவரும் பிள்ளையோடு ஏறிக்கொண்டோம். பெரிய ஆஸ்பத்திரி. வரிசை. சொட்டு மருந்து விட்டு, கண் விரியக் காத்திருந்து, மறுபடி சொட்டு மருந்து. டாக்டரம்மா உங்கள் பிரிண்டுகளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"யே ஃபோட்டோ கிஸ்னே லீ?" யார் எடுத்தது என்று கேட்டார். நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினீர்கள். அவர் உங்களை ஒரு கணம் பார்த்தார். நீங்களும் அவரைப் பார்த்தீர்கள். உங்கள் இருவருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளையை ஸ்கேனுக்கு உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். இவரும் கூடப் போனார்.

அந்தத் தாழ்வாரத்தில் இரண்டு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கேமராப் பையின் ஜிப்பை நீங்கள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தீர்கள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். கண்ணுக்குப் பின்னால் கட்டி எதுவும் இல்லை என்றார். இது மோதியாபிந்த், புரை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வருவது. ஆபரேஷன் செய்யலாம், சீக்கிரம் செய்ய வேண்டும். இன்னும் நாள் போயிருந்தால் அந்தக் கண்ணால் பார்க்கவே மூளை பழகாமல் போயிருக்கும் என்றார்.

ஆபரேஷன் என்ற சொல்லைத் தாண்டி என் காதில் எதுவும் விழவில்லை. நீங்களோ சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினீர்கள். அழுகிறீர்களா சிரிக்கிறீர்களா என்றே தெரியவில்லை.

"என்னக்கா? என்ன?"

"ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல. புரைதான்! வெறும் புரைதான்!"

இன்டர்நெட்டில் அந்தப் படத்தைப் பார்த்த ஒருவர், குழந்தைகளுக்குக் கண்ணில் வரும் புற்றுநோயிலும் இப்படித்தான் வெள்ளை தெரியும் என்று எழுதியிருந்தாராம். உயிருக்கே ஆபத்து என்றும் எழுதியிருந்தாராம். இரண்டு வாரம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்திருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டுதான் என் பேச்சையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நானும் உங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அன்று மதியம் ஆஸ்பத்திரி வாசலில் நாம் தின்ற பிரெட் பக்கோடாவைப்போல ஒரு ருசியான பண்டத்தை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை. இவர் மட்டும் நாலு தின்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வலது கண்ணை தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடி, இடது கண்ணை வேலை செய்யப் பழக்க வேண்டியிருந்தது. அது ஒரு போர். ஒட்டைப் பிய்த்துப் பிய்த்து எறிவாள். நீங்கள்தான் உங்களுக்கும் ஒரு கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்து அவளைச் சிரிக்கவைத்தீர்கள். ஒற்றைக் கண்ணோடு கேமராவில் பார்க்க வசதியாக இருக்கிறது என்றீர்கள்.

ஒன்றை மட்டும் நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு கோமுவைப் படம் எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் தலையசைத்த பிறகுதான் கேமரா மேலே வரும். முன்பெல்லாம் அப்படிப் பார்த்ததில்லை.

ஒருநாள் செக்கப் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது துணிந்து ஆரம்பித்தேன். "அக்கா, அன்னைக்கு நான் உங்களைப் பேசுனது..."

"எந்த அன்னைக்கு?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "யமுனையப் பாரு, தண்ணி ஏறியிருக்குது."

நான் விடவில்லை. உங்கள் கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்கக்கா" என்று சத்தமாகவே சொன்னேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நீங்கள் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆற்றுப்பாலம் தாண்டும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "வலிச்சுது அம்மிணி. இப்ப இல்ல" என்றீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோமு பால்கனியில் சோப்புக் குமிழி விட்டுக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலே நாலு படம் எடுத்தீர்கள்.

கோமு இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கண்ணாடி போட்டிருக்கிறாள். இடது கண்ணின் பார்வை வலதைவிடக் கொஞ்சம் மட்டு, ஆனால் போதும் என்கிறார் டாக்டர். அந்த உறையையும் படங்களையும் அவளிடம் காட்டி, நான் உங்களைப் பேசியதையும் மறைக்காமல் சொன்னேன். "அம்மா, நீ அப்படியா சொன்னே?" என்று இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சரிதான் என்று இருந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் சொந்தக்காரர்கள் ஃபோனில் குழந்தைப் படங்களாக அனுப்புகிறார்கள். மற்றவர்கள் வாழ்த்து எழுதி முடிப்பதற்குள் நான் படத்தைப் பெரிதாக்கி இரண்டு கண்ணையும் பார்த்துவிடுவேன். போன வருடம் இவருடைய அண்ணன் பேத்தி படத்தில் ஒரு கண்ணில் வெள்ளையாகத் தெரிந்தது. உடனே ஃபோன் செய்து சொன்னேன். மதினி நான் அன்று உங்களைப் பேசியதில் பாதியாவது என்னைப் பேசியிருப்பார். ஆனாலும் பிள்ளையைக் காட்டினார்கள். ஒன்றுமில்லை, ஃப்ளாஷ் அடித்த கோணம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மதினி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ஒன்றுமில்லை என்ற அந்தச் செய்தி வந்த அன்று நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. அத்தனை நிம்மதி.