மீன்காரரிடம் சொல்லாத காரணம்

ஜூன் 9, திங்கள்

இன்றும் போஸ்ட் ஆபீசுக்குப் பத்து நிமிடம் தாமதம். காரணம் எங்கள் நாய் சுக்கு. காலையில் எழுந்து பார்த்தால் தரையெல்லாம் தோல் செதில், நடுநடுவே ரத்தச் சொட்டு. முதுகில் மிச்சமிருந்த முடியையும் கடித்தே பிடுங்கிவிட்டது. வேப்பெண்ணெய், மஞ்சள் எல்லாம் பூசியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கழிவு ஆயில் வாங்கிவந்து தடவினார். அதை நக்கி இரண்டு நாள் வாந்தி எடுத்ததுதான் மிச்சம்.

என் மகள் தேவி கல்லூரியில் படிக்கும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கி வந்த நாய். கல்யாணமாகிப் பொன்னமராவதிக்குப் போகும்போது, நல்லாப் பாத்துக்கம்மா என்று என்னிடம் விட்டுப் போனாள். நான் பார்த்துக்கொள்கிற லட்சணம் இது.

ஜூன் 14, சனி

லீவு போட்டுவிட்டுத் திருச்சி போனோம். நாய்களின் தோலுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், அன்புச்செல்வி என்று. வாடகைக் கார் டிரைவர் வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டே ஓட்டினார். டாக்டர் பொத்தவில்லை. அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார். பூச்சி இல்லையாம். ஒரு மணி நேரம் கேள்வியாகக் கேட்டுவிட்டு, தின்கிற ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்படுகிறார். எட்டு வாரத்துக்குச் சோறு, பூசணிக்காய், சோயா உருண்டை. மீன், கறி, பால், பிஸ்கட் எதுவும் கூடாது. "ஒரு முள்ளு உள்ள போனாலும் மறுபடி மொதல்லேருந்துதாம்மா" என்றார்.

ஜூன் 16, திங்கள்

அது பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் மட்டும் தின்பதா? வீட்டில் மீனே வேண்டாம் என்று முடிவு. கட்டுமாவடிக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் அடைக்கலத்திடம், ரெண்டு மாதத்துக்கு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். நாய்க்காக ஒரு குடும்பமே மீனை விட்டது என்றால் தெருவே சிரிக்கும். சும்மாதான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 12

நான்கு வாரம் ஆகப்போகிறது. ஒரு முடி முளைக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சம்பந்தியம்மா வந்திருந்தார். இந்த மாதக் கடைசியில் தேவிக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே அழைத்துவர வேண்டும். வாசலில் சுக்குவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "தப்பா நெனைக்காதீங்க. இது இருக்குற வீட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்புடி அனுப்புறது?" தப்பாக என்ன நினைக்க? நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 16, சனி

எட்டு வாரம் முடிந்துவிட்டது. இப்போது காதும் புண். டாக்டருக்கு போன் செய்தேன். வெளியில் யாராவது ஏதாவது போடுகிறார்களா என்று கேட்டார். என்னை மீறி ஒரு பருக்கை அதன் வாய்க்குள் போகாது என்று வீம்பாகச் சொன்னேன். நேரில் கொண்டுவரச் சொல்கிறார். எதற்கு? எனக்குத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சுக்குவைக் கொண்டுபோய்விட்டார்கள். கட்டுமாவடிக் கரையில் விட்டுவிட என் வீட்டுக்காரர் அடைக்கலத்திடம் பேசி ஏற்பாடு செய்திருக்கிறார். காலி மீன் பெட்டியில் சாக்கு விரித்து உட்கார வைத்தார்கள். "கட்டுமாவடியில மீனுக்கா பஞ்சம்? பொழச்சுக்கும்க்கா" என்றார் அடைக்கலம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எதைக் கொடுத்தும் ஆறவில்லை, வயிறாரத் தின்றாவது சாகட்டும். அது திரும்பிப் பார்த்ததா என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 31

வளைகாப்பு முடிந்து தேவி வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே சுக்கு எங்கே என்றாள். சொன்னேன். ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

தேவி மீன் குழம்பு கேட்டாள் என்று அடைக்கலத்தை நிறுத்திச் சங்கரா வாங்கினேன். தலையை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தார். "பழக்கம்க்கா. நீங்க ஆபீஸ் போனப்பறம் சுக்குவுக்குத் தெனம் ஒரு தலை போடுவேன்ல. திடீர்னு மீனு வேணாம்னீங்க, வீட்டுல என்ன கஷ்டமோன்னு கேக்கல. வாயில்லா ஜீவன், அதுவும் சேந்து பட்டினி கெடக்கணுமான்னு நெனச்சேன்."

எட்டு வாரமும். ஐயோ, எட்டு வாரமுமா!

எங்கே இறக்கிவிட்டார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். போன வருட டைரியை எடுத்துப் பார்த்தேன். அக்டோபர் 5, புரட்டாசிச் சனி: "சுக்குவுக்கு முதுகில் முடி. பெருமாள் கண் திறந்தார்." புரட்டாசியில் எங்கள் தெருவில் ஒருவரும் மீன் வாங்க மாட்டார்கள், அடைக்கலம் வண்டியே வராது. என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன், டாக்டர் அத்தனை கேள்வி கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. அடைக்கலத்தை எப்படித் திட்டுவேன்? வெட்கப்பட்டு மறைத்தவள் நான். அதை அனுப்பி வைத்ததும் மீன் குவிகிற கரைக்கே. பாவி நான்.

செப்டம்பர் 7

கட்டுமாவடி. கிடைக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கருவாடு காயப்போடும் மருதாயி என்ற அம்மாதான் காட்டினார். ஒரு படகுக்கு அடியில் கிடந்தது. மற்ற நாய்கள் கடித்து இடது காது பாதி இல்லை. முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல். கூப்பிட்டேன், எழவில்லை. என் பையை முகர்ந்து பார்த்த பிறகுதான் எழுந்தது. மணலிலேயே உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் என்ன?

செப்டம்பர் 16

சுக்கு வீட்டுக்குத் திரும்பியது தெரிந்து சம்பந்தியம்மா காரோடு வந்து தேவியை அழைத்துப் போய்விட்டார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. தலைப்பிரசவத்துக்கு மகளை வீட்டில் வைத்துக்கொள்ளத் தெரியாத தாய். காரில் ஏறும்போது தேவி, "மீனு மட்டும் போட்ராதம்மா" என்றாள்.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி ஒன்று. ஒரு மாதம் கழித்துத் தெருவில் அடைக்கலத்தின் ஹார்ன். புரட்டாசி முடிந்துவிட்டதே, வாங்கலாமே என்றார். எங்கள் வீட்டில் புரட்டாசி இன்னும் முடியவில்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன், எதிர்வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி.

அவர் திறந்த பெட்டியை மூடினார். "அப்ப நாந்தானாக்கா?"

"இல்ல தம்பி, நான்தான்."

சுக்குவுக்கு வாலின் அடிப்பக்கம் முடி வந்திருக்கிறது. மெல்லிசாக, பழுப்பாக. போட்டோ எடுத்துத் தேவிக்கு அனுப்பினேன். சம்பந்தியம்மாவுக்கும்.