எந்த மாமா பைப்புத் தண்ணீர்?

நவ. 3, திங்கள்
காலையிலிருந்து தூறல். லஸ் முனையில் முழங்கால் தண்ணீர். கடல் கடந்து படையெடுக்கும் சக்கரவர்த்தி போல லேபுக்குப் போனேன்.

வசந்தா (என்னிடம் பிஎச்.டி. செய்தவள், இன்று எனக்கே டைரக்டர்) கூப்பிட்டாள். "சார், வெள்ளிக்கிழமை நீங்க ரிடையர் ஆகறதுக்குள்ள ஃப்ரீஸர் குப்பிகளுக்கு ரெஜிஸ்டர் குடுத்துடுங்க. எது என்னன்னு தெரியாததை எல்லாம் அவிச்சுக் கொட்டிடுவோம்."

முப்பது வருஷக் கிருமிகள். உலகத்தின் எட்டாவது அதிசயம். ரெஜிஸ்டர் மட்டும் இல்லை. ஒருமுறை ஒருவன் என் கிருமியைத் திருடித் தன் பெயரில் கட்டுரை போட்டான். அன்றுமுதல் குப்பிகளில் உறவுமுறைப் பெயர்தான் எழுதினேன், சங்கேதமாக. அத்திம்பேர், சித்தப்பா, சம்பந்தி. விளக்கம் என் தலைக்குள், பூட்டிய கஜானாவில்.

கோமதி (மனைவி): "மூக்குக்கண்ணாடிய ஆத்துல எங்க வெச்சேள்னு தெரியல. கஜானாவாம்!"

வாங்க வேண்டியது: குடை, பி.பி. மாத்திரை, பெரிய நோட்டு.

நவ. 5, புதன்
மழை விட்டது. ரெஜிஸ்டர் அநேகமாக முடிந்தது. அத்திம்பேர் = எந்த மருந்துக்கும் மசியாத டைஃபாய்டு, சிந்தாதிரிப்பேட்டை. (அத்திம்பேரும் அப்படியே.) சித்தப்பா = அசோக் நகர் ஹாஸ்டல் சாம்பார்.

மிச்சம் இரண்டே குப்பி. பெரிய மாமா, சின்ன மாமா. கடலோரக் குப்பத்தில் காலரா வந்த வருஷம் எடுத்தவை. குழாயில் சாக்கடை கலந்தது என்று நான் எழுதியதை மேலிடம் 'சாதாரண வயிற்றுப்போக்கு' என்று திருத்தியது. மீன் விற்கும் செல்வியின் தங்கை அதில்தான் போனாள். அவள் கிருமி 'மாப்பிள்ளை'; அதில் சந்தேகமில்லை. மாமாக்களில் ஒருவர் பைப்புத் தண்ணீரில் கிடைத்தவர். மற்றவர் அதே தெருவின் இன்னொரு நோயாளி.

யார் எவர்? கஜானா காலி.

நவ. 6, வியாழன்
புழுக்கம். வசந்தா மூன்றையும் மரபணு பார்க்கும் புது மெஷினில் ஓட்டியிருக்கிறாள். மாப்பிள்ளையும் சின்ன மாமாவும் அச்சு அசல் ஒரே கிருமி. பெரிய மாமா வேறு வம்சம்.

சின்ன மாமா பைப்பு என்றால் இத்தனை வருஷம் நான் கத்தியது நிஜம். நோயாளி என்றால் பைப்பு நிரபராதி, நான் மூவுலகும் மெச்சும் முட்டாள்.

"சின்ன மாமாதான் பைப்புன்னு எழுதிடுங்க சார். உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

எனக்கே தெரியாதே, அம்மா.

பேனா மூடியைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன். டிபன் சாப்பிடவில்லை.

நவ. 7, வெள்ளி
எழுதியது: பெரிய மாமா, தெரியாது. சின்ன மாமா, தெரியாது.

கிருமிகளை அவிக்கும் ஆட்டோகிளேவில் நானே வைத்தேன். மாமாக்கள் இருவரும் வெந்து முடிந்தார்கள். பிறகு பிரிவுபசாரம். சால்வை, சமோசா. 'துல்லியத்தின் சிகரம்' என்றார் ஒருவர். கைதட்டல்.

சால்வையோடு நேரே குப்பம். செல்வி வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா டாக்டரே, மாப்ள கணக்கா கீற?"

சொன்னேன். என் கோமாளித்தனத்தால் சாட்சி போயிற்று என்று.

கத்தி நிற்கவில்லை. "அந்தத் தண்ணி இன்னா நாத்தம் நாறுச்சின்னு எனுக்குத் தெரியாதா? சாட்சி உனுக்குத்தான் சார் வேணும்." ஒரு துண்டு வெட்டிப் போட்டாள். "இப்பவும் அதே பைப்புதான். வேணும்னா ஒரு பாட்டிலு புடிச்சிக்கினு போ. இந்தத் தபா ஒயுங்கா பேரு எய்து."

பிடித்தேன். கலங்கல். பெயரும் எழுதினேன்: தெரு, பைப்பு, தேதி, நேரம்.

லேப் சாவியை மத்தியானமே ஒப்படைத்தாயிற்று.