ஜீப்பின் மேல்மூடி

ஞாயிறு, ஜூன் 1, 1947

வியர்வை. காலையிலேயே பனியன் இரண்டு. ஆண்டாப் ஹில் பக்கம் மேகம், ஆனால் சும்மா மிரட்டல்தான். காற்றே இல்லை.

இன்றைய வேலை: ஜீப்புக்குக் கியர் ஆயில் மாற்றுவது. நான்கு இடம். முன் அச்சு, பின் அச்சு, கியர் பெட்டி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் இன்னொரு பெட்டி (நாலு சக்கரத்துக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுப்பது). மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் வாங்கிய வண்டி. எந்த ஆற்றில் இறங்கியதோ, எந்த நாட்டுச் சேற்றில் புரண்டதோ. சயான் மேட்டில் ஏறும்போதே ஊளையிடுகிறது. இதை வைத்துக்கொண்டு கஸாரா மலைப்பாதை ஏற வேண்டும்.

அடுத்த ஞாயிறு மேலே போய் என் மனைவி கமலத்தை அழைத்து வர வேண்டும். எட்டு மாதமாகக் காசநோய்ச் சானடோரியத்தில் இருக்கிறாள். போன முறை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இனி இங்கே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. மழைக்கு முன்னாடி அழைச்சிண்டு போயிடுங்கோ. வீட்டுச் சாப்பாடு சாப்பிடட்டும்." வீட்டுச் சாப்பாடாம். புரிந்தது. வெளியே வந்து கமலத்தின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு முன்னாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது.

ரயிலில் அழைத்து வருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஐப்பசியில் கொண்டுபோய் விட்டபோது பட்டது போதும். இரண்டு தரம் இருமினாள். ஒருவர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டார். ஒரு அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பிறகு ஒரே கூச்சல். டிக்கெட் பரிசோதகர் வந்து, கதவோரம் டிரங்குப் பெட்டிமேல் உட்காரச் சொன்னார். இறங்குகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்றுகொண்டு வந்தேன், வாயைத் திறக்காமல். இறங்கினதும் சொன்னேன்: "திரும்பி வரச்சே நானே வண்டி கொண்டு வரேன்." அதற்குத்தான் இந்தத் துருப்பிடித்த ராட்சசன்.

ஆபீஸ் சுப்பராமன் உதவிக்கு வந்தான். உதவி என்றால், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு உத்தரவு போடுவது.

"ஓய் சேது, மொதல்ல எல்லா அழுக்கையும் வடிச்சுடும். பாத்திரம் காலியானாத்தானே புதுசா ஊத்தலாம்?"

கேட்க நியாயமாக இருந்தது. இரண்டு அச்சின் கீழ்மூடியையும் திறந்துவிட்டேன். எண்ணெயா அது? மோர். தண்ணீர் கலந்து வெள்ளையாகப் போயிருக்கிறது. அழுகல் முட்டை நாற்றம். மாடியில் படபடவென்று ஜன்னல்கள் சாத்தும் சத்தம்.

பிறகு ஊற்றும் மூடிகள். பின் அச்சு: திறந்தது, ஊற்றியாயிற்று. முன் அச்சு: அசையவில்லை. ஸ்பானரில் தொங்கினேன். உதைத்தேன். சுத்தியலால் தட்டினேன். மூடியின் விளிம்பு மழுங்கியதுதான் மிச்சம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, ஊற்ற வழியும் கிடையாது. மேல்மூடி திறக்கிறதா என்று பார்த்துவிட்டல்லவா கீழ்மூடியில் கை வைத்திருக்க வேண்டும்? முட்டாள்.

சுப்பராமனுக்கு வீட்டில் ஏதோ அவசர ஜோலி ஞாபகம் வந்துவிட்டது.

கைக்குச் சீயக்காய். போகவில்லை. சாதத்திலும் அந்த நாற்றம்.

செவ்வாய், ஜூன் 3

புழுக்கம். காலை ஆபீசுக்கு முன் மூடியைச் சுற்றி மண்ணெண்ணெய். சாயங்காலம் மறுபடி. பலன் இல்லை. முழங்கையில் சிராய்ப்பு.

மாடி மாமா வீட்டில் ரேடியோ. கட்டடமே அங்கே. நாடு இரண்டாகிறதாம். மாமா இறங்கி வந்து வண்டிக்கு அடியில் குனிந்து, "இந்த அமளியில ஒமக்கு ஜீப்பாய்யா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆத்துக்காரியை அழைச்சிண்டு வரப்போறேளாமே? பொதுக் குழாய், பொது மாடிப்படி... நான் சொல்லலை, மத்தவா கேக்கறா."

மத்தவா! எண்ணெய் குடித்த நாய் இருக்க எதிரே வந்த நாயை அடிப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இல்லை, பொய். பதில் வரவில்லை. ரயிலில் வராத மாதிரியேதான்.

அம்புஜம் அக்கா பின்பக்க வராந்தாவை அலம்பிவிட்டிருக்கிறாள். கட்டில் அங்கே. மூங்கில் தட்டி வாங்க வேண்டும். அக்கா சொன்னாள்: "உள்ளே வேண்டாம்டா. எனக்கு மட்டும் ஆசையா? ஒனக்கும் ஒட்டிண்டா யாரு பாக்கறது?" அத்திம்பேர் போனது முதல் எனக்குச் சமைத்துப் போடுகிறவள். என்ன சொல்ல.

வாங்க: தட்டி. பினாயில். சோப்பு. கமலத்துக்கு நாரத்தங்காய் (கேட்டிருந்தாள்).

வியாழன், ஜூன் 5

இடி மட்டும். சுப்பராமனின் யோசனைகள், இன்று டிபன் வேளையில்:

ஒன்று, கிடைக்கிற சந்தில் விளக்கெண்ணெய் விடுவது. சந்து எங்கேடா இருக்கிறது?

இரண்டு, முன் அச்சை மறந்துவிட்டுப் பின் சக்கர இழுப்பிலேயே போவது. "ரெண்டு சக்கரத்துல ஊர் உலகமே ஓடறது ஓய்!" ஓடும். ஆனால் முன் சக்கரம் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் அது உருளும்போது உள்ளே பல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். எண்ணெய் இல்லாமல் சுற்றினால் கல்யாண் போவதற்குள் பொடி.

மூன்று, அவன் மச்சினனைக் கேட்பது. மச்சினன் ஹார்மோனியம் ரிப்பேர் செய்கிறவன்.

சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு. உடனே ஏனோ அழுகை வந்தது, பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

கமலத்துக்குக் கார்டு போட்டாயிற்று: வண்டி ரிப்பேர். இந்த ஞாயிறு முடியாது. அடுத்த ஞாயிறு நிச்சயம்.

"நிச்சயம்" எழுதும்போது பேனா நின்றது.

ஞாயிறு, ஜூன் 8

மழை பிடித்துக்கொண்டது. இன்று நான் மலையில் இருந்திருக்க வேண்டும். கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். முதுகுக்கடியில் தண்ணீர் ஓடியது. மூடியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். வேலை செய்தேன் என்று சொல்ல முடியாது.

அக்கா குடையோடு வந்து நின்றாள்.

"ஏண்டா சேது, ஒண்ணு கேக்கறேன். சர்க்கிள்கிட்ட ஒரு வண்டி ரிப்பேர் மிஸ்திரி இருக்கானே, அவனைக் கூப்பிட்டா அரை நாள் வேலை. ஒரு வாரமா ஏன் கூப்பிடலை?"

"நானே பண்ணிடலாம்னு..."

"பண்ணுவே. வண்டி சரியாயிடுமோன்னு பயம் ஒனக்கு. சரியாயிட்டா போகணும். போனா அழைச்சிண்டு வரணும். வந்தா, பாத்துண்டு இருக்கணும்." குடையை மாற்றிப் பிடித்தாள். "எனக்கும் அதே பயம்தாண்டா. நான் பினாயிலை வச்சுண்டு பயப்படறேன், நீ ஸ்பானரை வச்சுண்டு பயப்படறே."

போய்விட்டாள்.

உண்மை. எழுதி வைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள். அவள் வந்தால் சாகத்தான் வருகிறாள். மேலே இருக்கிற வரைக்கும் கமலம் சானடோரியத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்துவிட்டால் வேறு கதை. அந்த மூடி திறக்கக் கூடாது என்று எனக்குள் ஏதோ ஒன்று வேண்டிக்கொண்டே இருந்திருக்கிறது. தூ.

நாளை லீவு. மிஸ்திரியைக் கூப்பிட வேண்டும்.

திங்கள், ஜூன் 9

கொட்டுகிறது. சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். மிஸ்திரி நாளைக்கு வருகிறேன் என்றான். திரும்பி வந்து, மனசு கேட்காமல் மறுபடி வண்டிக்கு அடியில்.

பிற்பகல். மூடியைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் விக்டோரியா குதிரை வண்டி ஒன்று நிற்கும் சத்தம். இரண்டு கால் வந்து நின்றது. ரப்பர் செருப்பு, சேறு. கணுக்கால் குச்சி. மெட்டி நழுவாமல் இருக்க நூல் சுற்றியிருந்தது.

"இன்னும் முடியலையா?"

தலையை நிமிர்த்தினேன், அச்சில் இடித்துக்கொண்டேன். எழுந்து வந்தால் கமலம். ஒரு கையில் குடை. டிரங்குப் பெட்டியை வண்டிக்காரன் இறக்கிக்கொண்டிருக்கிறான்.

"நீ எப்படி... தனியாவா? யாரு விட்டா?"

"ஆத்துக்காரர் ஸ்டேஷன்ல காத்துண்டிருக்கார்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்." மூச்சு வாங்கினாள். "பொய்தான். என்ன பண்ணுவார், திரும்பக் கூப்பிடுவாரா?"

"ரயில்லயா வந்தே?"

"பின்னே பறந்தா? கேளுங்கோ, சௌகரியமா வந்தேன்னா. பெஞ்சு முழுக்க எனக்கே. கூட்டம் ஏறித்துன்னா ஒரு தடவை இருமினேன், அவ்வளவுதான். காலை நீட்டிப் படுத்துண்டே தாதர் வரைக்கும் வந்துட்டேன்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பே இருமலாயிற்று. குடையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையெல்லாம் கிரீஸ், அவள் புடவையிலும் ஆயிற்று.

"நானே வந்து அழைச்சிண்டு வரேன்னு சொல்லியிருந்தேன்" என்றேன்.

"ஒங்க கார்டு வந்தது. 'நிச்சயம்'னு போட்டிருந்தேளே, அதைப் பாத்ததும் கிளம்பிட்டேன்."

செவ்வாய், ஜூன் 10

மழை. மிஸ்திரி வந்தான். அடுப்பு வைத்துச் சூடு காட்டி, மழுங்கின மூடியில் உளியை வைத்து நாலு அடி. திறந்தது. அக்கா சொன்ன அரை நாள்கூட ஆகவில்லை. அவன் கொண்டுவந்த வேறு மூடி ஒன்று பொருந்தியது. முன் அச்சு நிரம்பிற்று. மீதி இரண்டு பெட்டியும் அவனே முடித்துக் கொடுத்தான்.

வராந்தா. கமலம் உள்ளே வரவில்லை. யாரும் சொல்லுவதற்கு முன் நேரே பின்பக்கம் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். தட்டு, டம்ளர், கிண்ணம் எல்லாம் அவளே ஒரு துண்டில் முடிந்து கொண்டுவந்திருக்கிறாள். அக்கா புதிதாக வாங்கி ஒளித்து வைத்திருந்த தனி டம்ளரை எடுக்கவே தேவை இல்லாமல் போயிற்று. அக்கா சமையலறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதாள். புகை என்றாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

இரண்டு வாய் ரசம் சாதம். நாரத்தங்காய் தொட்டுக்கொண்டாள்.

மாடி மாமா வந்தார். "சேது, கொஞ்சம் பேசணும்." "பேசுங்கோ. இங்கேதான் இருப்பா. குழாய்ல நான் பிடிச்சுக் கொடுப்பேன்" என்றேன். இந்தத் தரம் பதில் வந்துவிட்டது. போய்விட்டார். திரும்பி வருவார்.

வியாழன், ஜூன் 12

நடுவே வெயில் கொஞ்சம். காய்ச்சல். கைக்குட்டையில் சிவப்பு. என்னிடமிருந்து ஒளித்தாள், நானும் பார்க்காத மாதிரி.

மாடி வீட்டார் குழாய்க்குக் காவல் போட்டிருக்கிறார்கள். அக்கா போய்க் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாளாம். யாரும் வாயைத் திறக்கவில்லையாம். அக்காவா கொக்கா.

லீவு நீட்டிக்கத் தந்தி கொடுக்க வேண்டும். கடுதாசி போதுமோ?

ஞாயிறு, ஜூன் 15

தூறல். "மலைக்குன்னு பெட்ரோல் சேத்து வச்சேளே, அதை என்ன பண்ணப்போறேள்?" என்றாள். மாதக்கணக்கில் ரேஷனில் மிச்சம் பிடித்த ஒரு டின். "மலையிலேந்துதான் நானே எறங்கி வந்துட்டேனே. என்னை எங்கேயாவது அழைச்சிண்டு போங்கோ."

தலையணை, போர்வை. தூக்கி வைத்தேன். தூக்கினேன் என்று சொல்லவே கூசுகிறது, பாரமே இல்லை. அக்கா பிளாஸ்க்கில் வெந்நீர் கொடுத்தாள். கமலத்தின் தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டாள். தொட்டாள். பிறகு உடனே போய்க் கை அலம்பவில்லை, பார்த்தேன்.

செம்பூர் ரோடு. இருபக்கமும் தண்ணீர், பச்சை. ஊளை இல்லை. பின் அச்சு, முன் அச்சு இரண்டும் வாயைத் திறக்கவில்லை.

"நாலு சக்கரமும் இழுக்கறதுக்கு எந்தக் கம்பி?"

காட்டினேன். நிறுத்தி, அவளையே தள்ளச் சொன்னேன். இரண்டு கையாலும் தள்ளினாள். விழுந்தது. சமதரையில் ஒரு அவசியமும் இல்லை. இருக்கட்டும் என்றாள். அப்படியே போனோம்.

ஒரு மரத்தடியில் மழைக்கு ஒதுங்கினோம். மூடி படுத்தின பாட்டையெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

"இந்த எண்ணெயை மறுபடி எப்போ மாத்தணும்?"

"அடுத்த மழைக்கு முன்னாடி."

"அப்போ ஞாபகம் வச்சுக்கோங்கோ. மொதல்ல மேல்மூடி தெறக்கறதான்னு பாருங்கோ. அப்புறம்தான் கீழ்மூடியைத் தொடணும்."

"நீ பக்கத்துல இருந்து சொல்லேன்."

அவள் என் கையை எடுத்து நகத்திடுக்குக் கறுப்பைச் சுரண்ட ஆரம்பித்தாள். "சீயக்காய்ல இது போகாது. கொஞ்சம் நல்லெண்ணெய் தேச்சுட்டு அப்புறம் அலம்பணும். இதையும் ஞாபகம் வச்சுக்கோங்கோ."

பெட்ரோல் டின்னில் இன்னும் பாதி இருக்கிறது.