மஞ்சள் அட்டைக்காரர்களுக்கு நான் கொடுத்தது

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் அம்மாவின் முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாதென்று அவளே சொல்கிறாள். அங்கே குளிர் குறைந்ததா, உன் இருமல் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரிந்தால் நிம்மதி. மாடிக் குழாய் ஒழுகுவதை நிறுத்தியாயிற்று. உன் தம்பிக்கு வேறு பிரிவுக்கு மாற்றல், சம்பளம் அதேதான், முகத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொல்ல முடியாத ஒன்றுக்காகத்தான் இந்தக் காகிதம்.

போன மாதம் நீ கேட்டாய், அப்பா, அங்க எல்லாம் நான் சொன்ன மாதிரிதானே நடந்துச்சு என்று. ஆமாம் என்றேன். அது பொய். உன் ஆராய்ச்சிக்காக எங்கள் ஆஸ்பத்திரிக் காசநோய்ப் பிரிவில் நூற்றெண்பது நோயாளிகளுக்கும் நீ சீட்டுக் குலுக்கி அட்டை கொடுக்கச் சொன்னாய், பாதிப் பேருக்கு நீலம், பாதிப் பேருக்கு மஞ்சள். நீல அட்டைக்காரர்கள் மாத மருந்து வாங்க வரும்போது, ஆறு மாதமும் மருந்து முடித்துக் குணமான ஒருவர் கைப்பட எழுதிய கடிதத்தின் பிரதி ஒன்றும் கொடுக்க வேண்டும், மஞ்சளுக்கு மருந்து மட்டும். அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். மூணாவது மாசம் உடம்பு தேறிடும், அப்பதான் மாத்திரைய விட்டுடலாம்னு தோணும், எனக்கும் தோணுச்சு, விடல. அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆளுங்க இருந்தாத்தான்பா, வர்ற வித்தியாசம் கடிதத்தாலன்னு சொல்ல முடியும் என்று நீ விளக்கினாய். கவுன்ட்டர்ல நீங்க இருக்கீங்க, எனக்கு அந்தக் கவலை இல்ல என்றும் சொன்னாய். அந்த வார்த்தை இப்போது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

இரண்டாவது மாதம் தையல் வேலை செய்யும் ஒரு பெண், மஞ்சள் அட்டை, வரிசையில் தனக்கு முன்னால் நின்றவளின் கையில் காகிதத்தைப் பார்த்துவிட்டாள். ஏன் சார், அந்தக்கா பொழைக்கணும், நான் பொழைக்க வேண்டாமா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நீல அட்டைக்காரர் ஒருவர் வராததால் ஒரு பிரதி மிச்சம் இருந்தது. நீட்டிவிட்டேன். ஒரு காகிதம்தானே. அடுத்த வாரம் அவள் சொல்லி இன்னும் மூன்று பேர் வந்து கேட்டார்கள். பிறகு நானே ஜெராக்ஸ் எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். ஐம்பத்து மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறேன். குமாஸ்தா புத்தி, ஒவ்வொருவரின் அட்டை எண்ணையும் தேதியையும் குறித்து வைத்திருக்கிறேன். பட்டியலை இத்துடன் வைக்கிறேன்.

நீலத்தில் எழுபத்து நாலு பேர் முடித்தார்கள், மஞ்சளில் எழுபத்திரண்டு. வித்தியாசமே இல்லப்பா, கடிதத்தால ஒண்ணும் ஆகல, இருபதாம் தேதி அறிக்கை கொடுத்ததும் திட்டத்தை மூடிடுவாங்க என்றாய். உன் குரலில் அழுகை இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மாவிடம் சொன்னேன். பொண்ணோட பரீட்சைப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு மார்க் ஏன் வரலன்னு பக்கத்துல உக்காந்து விசனப்படுறீங்களா என்றாள்.

எழுத வைத்தது அதுவும் இல்லை. போன வாரம் ஒரு பெண் கவுன்ட்டரில் வந்து நின்றாள். கிடங்கில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி. அவர் மஞ்சள் அட்டை. மூன்று மாதம் வந்தார், மருந்தை வாங்குவார், சட்டைப் பையில் போடுவார், போவார். நாலாவது மாதத்திலிருந்து வரவில்லை. மிச்ச மாத்திரை அட்டைகளை என் முன்னால் வைத்து, இது வேற யாருக்காவது ஆகுமா சார் என்று கேட்டாள். அப்போதுதான் அவர் உயிரோடு இல்லையென்று தெரிந்தது. அவர் என் முன்னால் நின்ற மூன்றாவது மாதம் இழுப்பறை நிறைய பிரதிகள் இருந்தன. அவர் கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டு வாங்கியவர்கள் எப்படியும் மருந்தை முடித்திருப்பார்கள். பிழைக்க வேண்டுமென்று இருந்ததால்தானே கேட்டார்கள். வாய் திறக்காதவர்களுக்குத்தான் அது வேண்டியிருந்தது. நீ குலுக்கச் சொன்ன சீட்டு யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், சிரித்த முகத்துக்கெல்லாம் கொடுத்தேன். அவருக்குக் கிடைக்காமல் போனது சீட்டால் என்றால் என் மனசை ஒருவிதமாகத் தேற்றியிருப்பேன். இனி அதற்கு வழியில்லை.

அதனால் அம்மாடி, அப்பா சொல்லிட்டார், கடிதம் வேலை செஞ்சதுன்னு அவசரப்பட்டு மாற்றி எழுதிவிடாதே. வேலை செய்ததா என்று எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த வழியை நான் அடைத்துவிட்டேன், அது மட்டும்தான் தெரியும். அதை அப்படியே எழுது, நான் செய்ததையும் நான் உன் அப்பா என்பதையும் மறைக்காமல். தலைமை டாக்டரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க, இப்ப எதுக்கு சார் இது என்றார். பிறகு, சரி, எழுதிக் கொடுங்க என்றார். கொடுத்தேன். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. இன்னொரு முறை நடத்த விட்டால், கவுன்ட்டரில் வேறு ஆளை உட்கார வை.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கை தொட்ட வேலை நேராக நடக்கட்டும். நீ நூறு வயசு இருக்க வேண்டும். இருபதாம் தேதிக்கு முன்னால் இந்தப் பட்டியலை மேலதிகாரியிடம் காட்டிவிடு, என் மேல் கோபப்படுவதைப் பிறகு வைத்துக்கொள், நான் இங்கேதான் இருப்பேன். பட்டியலின் கீழே ஐம்பத்து நாலாவதாக ஓர் எண் தனியாக இருக்கும், எதிரே தேதி இருக்காது. உன்னிடம் அது ஏற்கெனவே இருக்கும், பாதியில் நின்றவர் என்று. இருந்தாலும் எழுதினேன்.

உன் அப்பா