கண்ணாடியில் நின்ற பூச்சு

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. மதியத்திலிருந்து பன்னிரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி என்பதால் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பாய். எப்படியும் இது மருத்துவர் கண்ணில் பட வேண்டிய விஷயம். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கல் என்று சிரிக்காதே.

நாளைக் காலை மாப்பிள்ளையின் இதயக் குழாயில் வைக்கப்போகும் ஸ்டென்ட் கம்பிவலை எங்கள் தொழிற்சாலையில் செய்தது. அதையே கேட்டு வாங்கு என்று பெருமையடித்தவளும் நான்தான். அந்த உலோகத்தின் மேல் மருந்து கலந்த பிளாஸ்டிக் பூச்சு உண்டு. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அது பிடித்து நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை.

பதினோரு வருடமாக அதைக் கண்ணாடித் துண்டில் பூசித்தான் சோதிக்கிறோம். மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும் என்பதால் ஏற்பட்ட பழக்கம். கம்பியிலும் கண்ணாடியிலும் பூச்சுக்கு அடியில் ஒரே அடிப்பூச்சு இருந்தவரை அதனால் கெடுதல் இல்லை. இரண்டு மாதம் முன்பு அடிப்பூச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு உறுத்தியது, சூப்பர்வைசரிடம் கேட்டேன். கண்ணாடியில நிக்கிறது கம்பியில நிக்காதாம்மா, சும்மா கையெழுத்தப் போடுங்க என்றார். போட்டுவிட்டேன்.

மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை ஒரு கம்பிவலையையே எடுத்து உடம்புச் சூட்டு நீரில் போட்டு வைத்தேன். இன்று மதியம் பார்த்தால், எண்ணெய்ப் பிசுக்குத் தட்டில் தண்ணீர் ஒதுங்குவதுபோல் பூச்சு ஓட்டை ஓட்டையாக விலகி, பொட்டுப் பொட்டாகத் திரண்டிருக்கிறது. அதே நீரில் கிடந்த கண்ணாடித் துண்டில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு மெல்லிய பூச்சுக்குத் தனிக் குணம் கிடையாது குட்டி, அடியில் இருப்பது எதுவோ அதன்படிதான் நடக்கும். உதிர்ந்த பொட்டு ரத்தத்தில் எங்கே போய் அடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மேலிடத்தில் சொன்னேன். ஆராய்ந்து பதில் தருகிறார்களாம். இந்த இரண்டு மாதத்தில் யார் யாருக்கு வைத்தார்களோ.

பெட்டியின் பக்கவாட்டில் எண் இருக்கும். நாற்பத்தேழில் தொடங்கினால் அது அடிப்பூச்சு இல்லாத சரக்கு, வேண்டாம் என்று சொல். வேறு கம்பெனியுடையதைக் கேள். மருத்துவர் கோபித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு, என் வேலை போனால் போகட்டும். நீ கடையில் பாக்கிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுபவள். நாளை ஒரு நாள் மட்டும் வாயாடியாக இரு.

உங்கக்கா சரக்குக்கு கேரண்டி கார்டு உண்டா என்று மாப்பிள்ளை கிண்டலடித்ததாகச் சொன்னாய். இப்போதைக்கு அவரிடம் எதுவும் சொல்லாதே.

ஏழு மணிக்கு உள்ளே அழைத்துப் போவார்கள் என்றாய். அதற்குள் இதைப் பார்த்துவிடு, தாயே. அழைத்துப் போயிருந்தால் கதவைத் தட்டு, திறக்கும்வரை தட்டு. அவர் நூறு வயது இருந்து என்னைத் திட்டட்டும்.

உன் அக்கா