துப்பாக்கி பார்க்க வருகிறவர்கள்

ஜூன் 8, ஞாயிறு

இன்றும் இரண்டு பேர் வந்தார்கள். என் வீட்டுக்காரருடைய பழைய ஏர் ரைஃபிளைப் பார்க்கத்தான். என்னைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? அவர் போனதும் துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு வாசல் மணியும் ஓய்ந்துவிட்டது. போன மாதம் வந்த மகள், "ஏம்மா இந்த இரும்பைக் கட்டிக்கிட்டு அழறே, வித்துடு" என்று போட்டோ எடுத்து விளம்பரம் போட்டுவிட்டு விமானம் ஏறினாள். அதிலிருந்து ஞாயிறானால் யாராவது வருகிறார்கள்.

விலை மட்டும் நான் வைத்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கேட்டவர்கள் மயக்கம் போடாத குறைதான். ஆனாலும் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள், துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள். நான் மசிவதில்லை. மசிந்தால் அடுத்த ஞாயிறு யார் வருவார்கள்?

ஜூன் 11, புதன்

யாரும் இல்லை. பால் பொங்கி வழிந்ததுதான் இன்றைய விசேஷம்.

ஜூன் 15, ஞாயிறு

முன்பு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், ஏற்கெனவே இரண்டு ஞாயிறு வந்துபோனவர், மறுபடி வந்தார். நொட்டை சொல்வதற்கென்றே பிறந்த மனுஷன். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டுதான் உட்காருவார்.

"இது ஒரு துப்பாக்கி இல்லம்மா, ரெண்டு. குழாய் ஒண்ணோடது, உடம்பு இன்னொண்ணோடது. நம்பரைப் பாருங்க."

பார்த்தேன். குழாயின் அடியில் ஒரு எண், விசைக்கு மேலே வேறு எண். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மதிப்பாம்.

"அப்புறம், பளபளன்னு இருக்கே, அதான் பெரிய தப்பு. பழசுன்னா இரும்பு மேல கருநீலமா ஒரு பூச்சு இருக்கணும். எவனோ உப்புத்தாளைப் போட்டுத் தேய்ச்சுக் கெடுத்து வச்சிருக்கான். திருகாணித் தலையெல்லாம் வேற சிதைஞ்சு கிடக்கு. கத்தியாலயா கழட்டினான்?"

அந்த எவனோ என் வீட்டுக்காரர். கத்தி என்னுடைய காய்கறிக் கத்தி. தேய்த்து முடித்துவிட்டு, "பார்த்தியா, புதுசு மாதிரி ஆக்கிட்டேன்" என்று அவர் நின்ற நிற்பு எனக்கல்லவா தெரியும்!

"சரி, எவ்வளவு தருவீங்க?"

"நீங்க சொல்றதுல கால்வாசி."

"கால்வாசிக்குக் பிடிக்கட்டையை மட்டும் வேணா கழட்டித் தர்றேன்."

சிரித்துவிட்டார். பிறகு கொல்லையில் ஒரு காலி டப்பாவை வைத்து என்னையே சுடச் சொன்னார். "குழாயை மடக்கும்போது பிடியை விடாதீங்க, படார்னு அடிச்சா வளைஞ்சுடும். ரவை போடாமச் சுடவே கூடாது, உள்ளே பிஸ்டன் முட்டி உடையும்." இத்தனை வருஷம் வீட்டுக்காரர் என்னை இதைத் தொடவிட்டதில்லை. டப்பாவில் படவில்லை. மதில்சுவரில் பட்டது. சிறுபிள்ளை மாதிரி சிரித்தேன், வெட்கமாகக்கூட இருந்தது.

ஜூன் 18, புதன்

மகள் போனில்: "இன்னுமா விக்கல?"

"நல்ல ஆளா அமையணுமே."

"என்னம்மா மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி சொல்றே!"

ஜூன் 22, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

ஓட்டல் முதலாளி ஒருத்தர் வந்தார். உட்காரக்கூட இல்லை. "நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்" என்று பர்ஸை எடுத்துவிட்டார். நம்பர் ஒத்துப்போகாது என்றேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது என்றேன். திருகாணியைக் காட்டினேன். கண்ணாடிக்காரர் சொன்ன நொட்டை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். "பரவாயில்லைங்க, ஓட்டல் சுவத்துல மாட்டத்தானே" என்கிறார்! விற்கிறவளே பொருளைத் திட்டி, வாங்குகிறவர் அதற்குப் பரிந்து பேசி... இந்தக் கூத்து எங்காவது உண்டா?

கடைசியில், "காலையிலதான் வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்" என்று புளுகினேன். "அதை அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று அவர் போய்விட்டார். டீ அப்படியே இருந்தது.

விளம்பரம் இருந்தால் அவர் கண்ணில் மறுபடி படுமே. மகளைப் போனில் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். வித்துட்டியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்பாடா" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

சொன்ன விலை கிடைத்ததே, கொடுத்துத் தொலைத்தால் என்ன? எனக்கு அந்தத் துப்பாக்கி மேல் அப்படி என்ன ஆசை? ஒன்றுமில்லை. யாராவது வந்து எதிரில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இதை யாரிடம் போய்ச் சொல்ல? பெற்ற மகளிடமே வாய் வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பழக்கதோஷம், கப் எல்லாம் கழுவிக் கவிழ்த்தேன்.

ஒருத்தரும் வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சாயங்காலம் மணி அடித்தது. கண்ணாடிக்காரர். கையில் போர்வை சுற்றிய நீளமான ஏதோ ஒன்று.

"உங்களோடது வித்துப் போச்சு போல. விளம்பரத்தைக் காணோம்."

"ஆமா, போயிடுச்சு" என்றேன். சொல்லி முடிக்கிறேன், கூடத்து மூலையில் அந்தத் துப்பாக்கிச் சனியன் சாய்ந்து நிற்கிறது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு முகம் எரிந்தது. உட்கார்ந்து போர்வையைப் பிரித்தார்.

"இது என்னோடது. என்ன விலை பெறும்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

நானா? இவருக்கா? ஒவ்வொரு திருகாணிக்கும் ஜாதகம் சொல்கிற மனுஷன்! கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். சட்டையில் நடுப் பொத்தான் இல்லை, ஊக்கு குத்தியிருந்தார். அப்போதுதான் உறைத்தது. இவர் வீட்டிலும் யாரும் இல்லை.

வாங்கிப் பார்த்தேன். இரண்டு எண்ணும் ஒன்றே. கருநீலம் கலையவில்லை. ஒரு திருகாணிகூடச் சிதையவில்லை. நொட்டை சொல்ல ஒரு இடம் இல்லை.

"ஒரு தடவை பார்த்தா எப்படிச் சொல்றது? இன்னும் நாலு தடவை பார்க்கணும்" என்றேன்.

"அதான் நானும் நினைச்சேன். இங்கேயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

வாசல்வரை போனவர் திரும்பினார். "ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. டீயில சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி."

இத்தனை நாளும் அதை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்திருக்கிறார்.